உடனே வரத் தயார்

இந்த வாரம் மங்காசி சிதோஹாங்கை யாரும் தேடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போல் மின்னஞ்சல் வந்தது. வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொள்ளும் அந்தத் தளம், வாரம் தவறாமல் எழுதும். "வணக்கம் மங்காசி, இந்த வாரம் தேடலில் உங்கள் பக்கம் 0 முறை தோன்றியது." லாம்ரியா அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் கருவாடு தீய்கிற வாசனை மூக்கைத் துளைத்த பிறகுதான் போனைக் கீழே வைத்தாள்.

மங்காசி இறந்து பதினாலு மாதம் ஆகிறது. நதுனா கடலில் ஓர் எண்ணெய் மேடைக்கு வெல்டிங் இன்ஸ்பெக்டராகப் போன மூன்றாவது வாரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காற்று அடங்கி ஹெலிகாப்டர் வர மறுநாள் காலை ஆகிவிட்டது. உடலை, வீடு இருக்கும் பாத்தாம் தீவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஏரி நடுவே சமோசிரில் அவர் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய், பாதக் இன முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தார்கள். யாரும் முடித்துவைக்காமல் விட்டது அந்தப் பக்கம் ஒன்றைத்தான். அதன் கடவுச்சொல் லாம்ரியாவிடம் இருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தஞ்சோங் உஞ்சாங் கப்பல் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குடியிருப்பில் புருஷன்மார்களின் பக்கங்களை நடத்துவதே பெண்சாதிகள்தான். புருஷன் பத்து வாரம் கடலில் கிடப்பான், அங்கே சிக்னல் கிடையாது. ஆள் எடுக்கிறவனோ காலையில் கேட்டால் மதியத்துக்குள் பதில் வேண்டும் என்பான், தாமதித்தால் அடுத்த ஆளிடம் போய்விடுவான். அதனால் கல்யாணமாகி வீட்டுச் சாவி கைக்கு வரும்போதே கடவுச்சொல்லும் கைக்கு வந்துவிடும். "தயார் ஐயா" என்று புருஷன் பெயரில் எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் சாவகாசமாகப் புருஷனிடம் சொல்வார்கள். காலையில் காய்கறி விற்கிற பைக் வந்து நிற்கும்போது கீரைக்கட்டைப் புரட்டிக்கொண்டே பேசுவதும் அதைத்தான். உன் வீட்டுக்காரரை இந்த வாரம் எத்தனை பேர் தேடினார்கள்? என் வீட்டுக்காரரை முப்பது பேர். முப்பது சொன்னவளுக்கு அன்றைக்கு நடையே வேறு மாதிரி இருக்கும்.

மங்காசி போன ஐந்தாவது வாரம் அந்த மின்னஞ்சல் வந்தபோது லாம்ரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வணக்கம் மங்காசி, 9 பேர் உங்களைத் தேடினார்கள்." ஒன்பது பேர். எங்கேயோ ஒன்பது பேர் அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்ற ஆம்பளையை அவர்கள் சனத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இருந்தவரை அவர் "ஊலி அப்பா". போன பிறகு அதுவும் போய், "காலமானவர்" என்று ஆகிவிட்டார். படிக்கப் போயிருக்கும் மகள் ஊலிகூடப் பாடாங்கிலிருந்து பேசும்போது அப்பா பேச்சை எடுப்பதில்லை, அம்மா அழுவாள் என்று பயம். வாரத்தில் ஒரு நாள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் இயந்திரமாவது இருந்ததே என்று லாம்ரியா செவ்வாய்க்கிழமைகளுக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். ஒன்பது ஆறாகி, மூன்றாகி, ஒன்றில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்து, இன்றைக்கு இப்படி வந்து நிற்கிறது.

மறுநாள் காலையில் காய்கறி பைக்கைச் சுற்றிய கூட்டம் கலையும்வரை காத்திருந்து, பக்கத்து வீட்டு யுஸ்னிதாரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். யுஸ்னிதார் அந்தச் சந்தின் கெட்டிக்காரி. பாதிப்பேர் புருஷன்களின் பக்கங்களைச் சீர்செய்து கொடுத்தவள் அவள்தான்.

"யுஸ், ஒரு விஷயம்டி. துமாய்ல என் தம்பி இருக்கான்ல?"

"எந்தத் தம்பி? உங்க வீட்டு விசேஷத்துல கிதாரை வெச்சுக்கிட்டு எல்லாரையும் தூங்கவிடாம பண்ணானே, அவனா?"

"அவன்தான். இப்பத் திருந்திட்டான். வெல்டிங் இன்ஸ்பெக்டருக்குப் படிச்சுப் பாஸ் பண்ணிட்டான். அவன் பக்கத்தை யாருமே தேட மாட்டேங்கிறாங்களாம்."

"அவன் இன்ஸ்பெக்டரா? ஆண்டவனே! எந்தக் குழாய் வெடிக்கப் போகுதோ. வா, உக்காரு."

யுஸ்னிதார் வீட்டு முன்கூடத்தில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தே ஓபெங் என்கிற ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் வந்தது. பக்கத்தைக் காட்டு என்றாள். தம்பி படித்துக் காட்டினான், மனப்பாடமாகவே சொல்கிறேன் என்று பூசி மெழுகினாள் லாம்ரியா.

"சரி, பேருக்குக் கீழ என்ன போட்டிருக்கான்?"

"நேர்மையானவர், கடின உழைப்பாளி, எங்கே அனுப்பினாலும் போகத் தயார்."

யுஸ்னிதாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதைப் போடாத ஆம்பள இந்தோனேசியாவுல எவன் இருக்கான்? ஏன்க்கா, ஆள் எடுக்கிறவன் உக்காந்து 'நேர்மையானவர்'னு அடிச்சா தேடுவான்? போலீஸ்காரனே அப்படித் தேட மாட்டான். அவன் அடிக்கிறது மூணே மூணு. சான்றிதழ் பேரு, எத்தனாவது லெவல், எந்த ஊரு. அந்த வார்த்தை தம்பி பக்கத்துல இருந்தா அவன் வருவான், இல்லாட்டி வரமாட்டான். ஊரு என்ன போட்டிருக்கான்?"

"சமோசிர்."

"பொறந்த ஊரைப் போட்டா? ஏரியில மீன் புடிக்கவா கூப்பிடப் போறாங்க? பாத்தாம்னு போடச் சொல்லு. பட்டறை இருக்கிற ஊருக்குத்தான் மவுசு. அப்புறம் உயரம், எடை, ரத்தம் என்ன வகை, எந்த சபை, அதெல்லாம் எழுதியிருப்பானே?"

"எழுதியிருக்கான்."

"தூக்கச் சொல்லு. கல்யாணத்துக்கு வரனா பாக்குறோம்? படம்?"

லாம்ரியா ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் சொன்னாள். "கோட்டு போட்ட படம். ஒரு கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல நின்னவளோட தோள் கொஞ்சம் தெரியும்."

"யாரு தோளு?"

"அவன் பொண்டாட்டிதான்."

"அழகுதான் போ! வெட்டச் சொல்லு அந்தத் தோளை. ஹெல்மெட் போட்டு, பின்னாடி இரும்பு தெரியிற மாதிரி ஒரு படம் வைக்கணும். படத்தைச் சுத்திப் பச்சை வளையம் வரும், அதையும் போடணும். 'உடனே வரத் தயார்'னு தட்டிவிடணும். ஆள் எடுக்கிறவன் எல்லாம் அவசரக்காரன், உடனே வர்றவனைத்தான் தளமும் மேல வெச்சுக் காட்டும். செஞ்சு பாரு, சாரி, செய்யச் சொல்லிப் பாரு. நாலே வாரம்."

கூடத்தின் ஓரத்தில் யுஸ்னிதாரின் புருஷன் எரிசால், செயலி வழியாகச் சவாரி எடுக்கும் பைக்காரர்களின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். அவனும் வெல்டிங் இன்ஸ்பெக்டர்தான். பத்து மாதமாக வேலை இல்லை. லாம்ரியாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். சொல்லிக்கொடுக்கிறவள் புருஷனின் பக்கமே எடுபடவில்லையே என்று அப்போது லாம்ரியாவுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அவளுக்குத் தன் பூஜ்யம் பெரிதாக இருந்தது.

அன்றைக்கே ஆரம்பித்தாள். லாம்ரியாவின் பிழைப்பு, பட்டறைக்காரர்களின் ஓவரால்களுக்குக் கை கால் வெட்டித் தைத்துக் கொடுப்பது. தையல் மெஷினை ஒதுக்கிவிட்டு, அலமாரிக்கு மேலிருந்த மங்காசியின் சான்றிதழ்ப் பையை இறக்கினாள். எத்தனை ஊர்! துரி, சிலாசாப், போந்தாங், அப்புறம் மலேசியாவில் திரங்கானு. பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியும், இன்ன ஊருக்குப் போகிறார், வருகிறார் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஊலி பிறந்த அன்று அவர் போந்தாங்கில் ஒரு வாயுக் குழாயின் நூற்றுப்பன்னிரண்டாவது இணைப்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றையும் வரிசையாகப் பக்கத்தில் ஏற்றினாள். சபை போயிற்று, ரத்த வகை போயிற்று, நேர்மை போயிற்று. ஹெல்மெட் படம் ஒன்று பழைய போனில் கிடைத்தது. கல்யாணப் படத்தை எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பட்டு உலோஸ் சால்வை போர்த்திய அந்தத் தோள் அவளுடையது.

கடைசியாகப் பச்சை வளையத்தையும் போட்டாள். உடனே வரத் தயார்.

அடுத்த செவ்வாய் நான்கு என்றது. அதற்கடுத்தது பதினொன்று. அப்புறம் இருபத்தேழு. ஒன்றரை மாதத்தில் அறுபத்து மூன்று! லாம்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறி பைக்கிடம் முப்பது, நாற்பது என்று மற்றவர்கள் அளக்கும்போது, அறுபத்து மூன்று என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள். செவ்வாய்க்கிழமைகளில் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். எண்கள் மட்டுமா, கடிதங்களும் வந்தன. "அன்புள்ள மங்காசி, சிராகாசியில் ஒரு வேலை." "மங்காசி ஐயா, நலமா? கத்தாருக்கு வருகிறீர்களா?" ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரில் மரியாதையாகப் பதில் எழுதினாள். "மன்னிக்கவும் ஐயா, இப்போது ஒரு வேலையில் இருக்கிறேன். மூன்று மாதம் கழித்துத் தொடர்புகொள்ளுங்கள்." அவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். கடலில்தான் இருக்கிறார், சிக்னல் இல்லை, நான் எழுதுகிறேன். இத்தனை வருஷமும் அப்படித்தானே இருந்தது? மத்தியான வெயிலில் போனைப் பிடித்துக்கொண்டு அப்படி எழுதும் பத்து நிமிஷமும் அவளுக்குப் புருஷன் இருந்தார்.

செய்வது தப்பு என்று தெரியாமலும் இல்லை. ஒருமுறை வளையத்தை எடுத்துப் பார்த்தாள். அந்த வாரம் எண் பாதியாக விழுந்தது. மறுநாளே திரும்பப் போட்டுவிட்டாள்.

இரண்டாம் மாத முடிவில் ஒரு மத்தியானம், யுஸ்னிதார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

"அக்கா, உன் தம்பி பேரு என்ன?"

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"பேரைச் சொல்லு."

லாம்ரியா மெஷினை நிறுத்தினாள். ஊசிக்கு அடியில் யாருடைய ஓவராலோ பாதியில் நின்றது.

"இங்க நாகோயா கடைத்தெருவுல ஆள் எடுக்கிற ஆபீஸ்ல என் சிநேகிதி இருக்கா. எரிசாலுக்கு ஏதாவது இருக்கான்னு கேக்கப் போனேன். அவ என் கண்ணு முன்னாடியே அடிச்சுக் காமிச்சா. வெல்டிங் இன்ஸ்பெக்டர், பாத்தாம், உடனே வர்றவங்க. பத்துப் பேரு வந்தாங்க. ரெண்டாவது பேரு உன் வீட்டுக்காரரு அக்கா. ஹெல்மெட் போட்டுக்கிட்டு, பச்சை வளையத்தோட." யுஸ்னிதாருக்கு மூச்சு வாங்கியது. "எரிசால் பதினொண்ணு. அவங்க பத்தோட நிறுத்திருவாங்க. பத்துப் பேருக்கு எழுதுவாங்க, அதுல ஆள் கிடைக்கலைன்னா கோலாலம்பூர்ல எடுத்துக்குவாங்க. பதினொண்ணாவது ஆள எவனும் பாக்க மாட்டான்."

"அப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுடி."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல? நானே சொல்லிக் குடுத்திருக்கேன், என் வீட்டுல உக்கார வெச்சு, டீ போட்டுக் குடுத்து. போன வாரம் அவரு பைக்குல ஒருத்தரை ஏத்தியிருக்காரு. பாத்தா, அவரோட பழைய சூப்பர்வைசர். ஹெல்மெட் கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, பேசினா குரல் தெரிஞ்சிருமேன்னு பட்டறை வாசல் வரைக்கும் வாயையே தெறக்கலியாம். வீட்டுக்கு வந்து என்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அந்தச் சிரிப்ப என்னால பாக்க முடியல."

லாம்ரியாவுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. எது முந்தியது என்றால் கோபம்தான்.

"உன் புருஷன் பைக்காவது ஓட்டுறாரு. ஓட்டுறதுக்கு உசுரோட இருக்காரு. பேசாட்டி என்ன, வீட்டுக்கு வந்து உன்கிட்டப் பேசுறாரு இல்ல?"

யுஸ்னிதாருக்கு முகம் விழுந்துவிட்டது. வாசல்வரை போய்த் திரும்பி, "எடுத்துரு அக்கா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

லாம்ரியா எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுப்பதற்காகவே பக்கத்தைத் திறந்தாள், திறந்ததை அவர் படத்தைப் பார்த்துவிட்டு மூடினாள். இறந்தவர்களின் பக்கத்தை மூடுவதற்கென்று தளத்தில் ஒரு படிவம் உண்டு, அதையும் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். இறந்த தேதி, உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது. தேதிக்கு மேல் அவளால் போக முடியவில்லை.

ஏனென்றால் அந்தத் தேதிக்கு முன்னால் இன்னொரு தேதி இருந்தது. அதை அவள் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மங்காசி பத்து வாரம் கடலில் இருந்துவிட்டு வீடு வந்து மூன்றாம் நாள். மத்தியானம், மின்விசிறிக்கு நேராகப் பாயைப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நதுனாவிலிருந்து கடிதம் வந்தது. உடனே வர முடியுமா? அடுத்த மாதம் ஊலிக்குச் சபையில் திடப்படுத்தல் சடங்கு. அதுவரை எங்கேயும் போகவில்லை, கூரை ஒழுகுவதைச் சரி செய்யப்போகிறேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். ஆனால் கடிதம் பெரிய நிறுவனத்திலிருந்து வந்தது, காய்கறி பைக்கிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி நிறுவனம். எழுப்பிக் கேட்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவள் கேட்கவில்லை. "தயார் ஐயா" என்று எழுதிவிட்டாள்.

எழுந்ததும் சொன்னாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சொல்லிட்டியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போயிட்டு வந்துர்றேன்" என்றார். அவ்வளவுதான். பின்கட்டுக்குப் போய்ச் உப்புக் கறை போகாத பூட்ஸைக் கழுவ ஆரம்பித்தார்.

யுஸ்னிதார் வந்துபோன ஒன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, பாலிக்பாப்பானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யோசெப் தண்டி என்று பெயர். லாம்ரியா கேள்விப்பட்டதில்லை.

"வணக்கம் மங்காசி. என்னை ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். பாத்தாமில் கடலுக்குப் போகாத தரை வேலை வந்தால் முதலில் உங்களிடம் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். தாமதமாகிவிட்டது, இப்போதுதான் ஒன்று வந்தது. உங்கள் பெயரைப் போட்டுத் தேடினேன், பக்கத்தைப் புதுப்பித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தஞ்சோங் உஞ்சாங்கில் ஒரு பட்டறை. காலை ஏழு முதல் மாலை ஐந்து. ஞாயிறு விடுமுறை. மூன்று வருஷம். உடனே வர முடியுமா? நாளை மதியத்துக்குள் தெரிவியுங்கள்."

எப்போது சொல்லியிருந்தார்? அந்த உரையாடலை மேலே தள்ளிப் பார்த்தாள். மங்காசி அனுப்பியது ஒன்று இருந்தது. பெட்டியில் எளிதில் கண்ணில் படாத அடுக்குக்கு அதை ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார், இப்போது பதில் வரவும் மேலே வந்துவிட்டது. நதுனாவுக்குக் கிளம்பிய அன்று, காலை ஆறு நாற்பதுக்கு அனுப்பியிருந்தார்.

"ஐயா, விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். பத்து வாரம் கழித்துத் திரும்புவேன். அதற்குள் பாத்தாமிலேயே தரையில் ஏதாவது வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வேலையாக இருந்தால் போதும். என் மனைவிக்கு இன்னும் தெரியாது. அவள் என் பக்கத்தை ரொம்பப் பெருமையாக நடத்துகிறாள். நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்."

லாம்ரியா அதை மூன்று தடவை படித்தாள். அப்புறம் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். சமோசிரில் உறவெல்லாம் சூழ்ந்து நின்று அழுதபோதுகூட அவளுக்கு இப்படி வரவில்லை. அவருக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று இருந்திருக்கிறது. சாயங்காலம் வந்தால் போதும் என்று இருந்திருக்கிறது. அதைக் கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல ஒரு நேரம் வாய்க்காமல், பாலிக்பாப்பானில் இருக்கும் யாரோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூட்ஸ் கழுவும்போது பின்கட்டுக்குப் போய் நின்று, போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் பூட்ஸை அங்கேயே போட்டிருப்பார். அது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

தயார் ஐயா என்று எழுதிவிட விரல் துடித்தது. ஒரே ஒரு நாளைக்காவது எங்கேயோ ஒரு பட்டியலில், மங்காசி சிதோஹாங், காலை ஏழு முதல் மாலை ஐந்து, என்று இருக்கட்டுமே. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எழுதினாள்.

"ஐயா, நான் மங்காசியின் மனைவி லாம்ரியா. அவர் வர முடியாது. நதுனாவுக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார், பதினாறு மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் அவர் பெயரில் எழுதியவள் நான். என்னை மன்னியுங்கள். அந்த இடத்துக்கு எரிசால் என்று ஒருவர் இருக்கிறார், அதே சான்றிதழ், அதே லெவல். எங்கள் பக்கத்து வீடு. என் கணவர் குறுக்கே நின்றதால்தான் அவர் யார் கண்ணிலும் படவில்லை. அவருடைய போன் எண்ணைக் கீழே தருகிறேன்."

அனுப்பிய கையோடு அந்தப் படிவத்தையும் திறந்தாள். தேதியைப் போட்டாள். உறவு, மனைவி. உறுதியாகத் தெரியுமா என்று கேட்டது. தெரியும் என்று அமுக்கினாள். ஹெல்மெட்டும் பச்சை வளையமும் திரையிலிருந்து போயின.

யோசெப் தண்டி ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். நல்லபடியாக எழுதியிருந்தார், ஆறுதலாக நாலு வரி. எரிசாலைக் கூப்பிடுகிறேன் என்றும் இருந்தது. லாம்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். யுஸ்னிதார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஒன்பது நாளாகப் பேச்சு இல்லை.

"உன் வீட்டுக்காரரை இன்னைக்குச் சவாரி எடுக்க வேணாம்னு சொல்லு. போனைக் கையிலயே வெச்சிருக்கச் சொல்லு."

"ஏன்க்கா?"

"ஊலி அப்பாவுக்கு வந்த வேலைடி. அவருக்கு வர முடியாதுல்ல."

யுஸ்னிதார் ஈரத் துணியோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். 

பத்து நாளில் எரிசால் பட்டறையில் சேர்ந்தான். முதல் நாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அவன் பைக் சந்துக்குள் நுழையும் சத்தம் கேட்டு, ஓவராலுக்குக் கால் மடித்துக்கொண்டிருந்த லாம்ரியாவின் கை நின்றது. பக்கத்து வீட்டு வாசலில் பைக் நின்றது, சின்னப் பெண் தீலா "அப்பா!" என்று கத்தியது. லாம்ரியா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே சாத்தினாள்.

இரண்டாம் வாரம் அந்தச் சத்தம் வரவில்லை. ஒருநாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தால், எரிசால் சந்து முனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.

"என்ன தம்பி, பெட்ரோல் இல்லையா?"

எரிசால் பேந்தப் பேந்த விழித்துவிட்டுப் பெண்சாதியைப் பார்த்தான். யுஸ்னிதார் முன்கூடத்தில் நின்றுகொண்டு இடுப்புச் சாரோங்கின் நுனியைப் பிசைந்தாள்.

"நான்தான்க்கா சொன்னேன். ஜன்னலச் சாத்துறீல்ல தினமும். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள் லாம்ரியா. "ஆனா இந்த ரெண்டு நாளா சத்தமே இல்லாம, அஞ்சே முக்காலைத் தாண்டவே முடியலடி. ஏறி ஓட்டிக்கிட்டே வாங்க தம்பி. நல்லா சத்தமா வாங்க."

மறுநாள் பைக் ஓடியே வந்தது. லாம்ரியா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். சத்தம் சந்து முனையில் கிளம்பி, நெருங்கி, அவள் வாசலுக்கு நேராக வந்தது. அங்கே அது நிற்கப்போகிறது என்று ஒரு நொடி அவள் உடம்பு நம்பியது. பைக் அவள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் போய் நின்றது.